ஐந்தாவது முயல்: பங்குனி வெயிலில் ஓமலூரிலிருந்து நாமக்கல் கண்காட்சிக்கு

போன பங்குனியில் கலெக்டரை ஏற்றிக்கொண்டு ஓமலூரிலிருந்து நாமக்கல் போய்வந்தேன். கலெக்டர் என்பது என் முயலின் பெயர். கூண்டுக்கு முன்னால் யார் போய் நின்றாலும், மனு எங்கே என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு வேலிமசால் தழை போடப் போகும்போது தலைத்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போவார். அந்த மரியாதையில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை தட்டு நசுங்கியிருக்காது.

இதைச் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்குப் பயந்ததுபோல் நான் என் முதல் பிரசவத்தில்கூடப் பயந்ததில்லை. முயலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். பாயிண்ட் கணக்கும் இதில் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை.

ஏன் பங்குனி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் முயல் கண்காட்சி தை, மாசியில்தான் நடக்கும். முயலுக்கு வேர்க்காது, அதற்குச் சூடு இறங்குவது காது வழியாகத்தான். வெயில் ஏறினால் அதற்கு வேறு வழி கிடையாது. நாமக்கல் கிளப்பும் மாசியில்தான் தேதி வைத்திருந்தது.

ஒரு கிளப் நினைத்தால் மண்டபம் பிடித்து, மேசை போட்டு, கோப்பை கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெற்றி கணக்கில் ஏற வேண்டுமானால் கிளப் இரண்டு இடத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஒன்று, எல்லா முயல் கிளப்புகளுக்கும் மேலே இருக்கிற பெரிய சங்கத்தில். அது இருந்தால்தான் முதலிடம் வந்த முயலுக்கு வெற்றிச் சான்று. இன்னொன்று, அந்தந்த இனத்துக்கென்று இருக்கிற இனக் கிளப்பில். என்னுடையது நியூசிலாந்து வெள்ளை. வெள்ளைக்கான கிளப் அனுமதி கொடுத்திருந்தால்தான் அந்த இனத்தின் வருடப் பட்டியலில் பாயிண்ட் ஏறும். ஒன்றை வாங்கி ஒன்றை விட்டுவிட்டால், வெயிலில் போய் வந்ததற்குப் பாதிக் கூலிதான்.

இரண்டு அனுமதியிலும் தேதியும் நடுவர் பெயரும் போட்டுத்தான் வரும். மாசிக்கு வர வேண்டிய நடுவர் குளியலறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டார். நடுவர் மாறினால், தேதி மாறினால், மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம். நாமக்கல் கிளப்பின் செயலாளர் ஸ்டெல்லா டீச்சர், சேலத்தில் பள்ளிக்கூட வேலை. பாவம், இரண்டு பக்கமும் போன் போட்டுப் போட்டுக் குரலே போய்விட்டது அவருக்கு. புது அனுமதி கைக்கு வந்தபோது மாசி முடிந்திருந்தது.

“பங்குனியில வெக்கலாங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“வேணாம்னுதான் நானும் சொன்னேன். வருஷக் கணக்கு இந்த மாசத்தோட முடியுதே, எப்படியாவது வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

“வைங்க டீச்சர்,” என்றேன். கேட்ட கேள்விக்கு நானே இப்படிப் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

எனக்கு அவசரம் இருந்தது. ஒரு முயல் சாம்பியன் ஆக மூன்று வெற்றிச் சான்று வேண்டும். மூன்றையும் ஒரே நடுவர் கொடுத்தால் செல்லாது, குறைந்தது இரண்டு பேர் கொடுத்திருக்க வேண்டும். கலெக்டரிடம் இரண்டு இருந்தது. இரண்டும் கையை உடைத்துக்கொண்ட அந்த நடுவர் கொடுத்தவை. மூன்றாவதைப் புது நடுவர் கையால் வாங்கினால் போதும். அதற்கு அடுத்த தை வரை காத்திருக்க முடியாது. பெண் முயலை ரொம்ப நாள் குட்டிக்கு விடாமல் வைத்திருந்தால் முதல் ஈற்றே சிக்கலாகிவிடும். குட்டி போட்டபின் வயிறு தொங்கி, தாடைக்குக் கீழே தோல் மடிந்து, நடுவர் மேசையில் பழைய உடல்கட்டு நிற்காது. இந்தக் கண்காட்சியை விட்டால் அவளுக்கு வேறு கண்காட்சி இல்லை.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் இந்தக் கதையின் முடிச்சு. ஒரு பிரிவில் குறைந்தது ஐந்து முயல் நிற்க வேண்டும், அவை குறைந்தது மூன்று ஆட்களுடையதாக இருக்க வேண்டும். நான்கு முயல் நின்று அதில் முதலாவதாக வந்தால் கைதட்டல் உண்டு, சான்று கிடையாது. பாயிண்டும் தலை எண்ணித்தான். முதலிடத்துக்கு ஆறு, இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு இரண்டு, ஐந்துக்கு ஒன்று. அதை நின்ற முயல்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். ஐந்து நின்றால் முதலிடத்துக்கு முப்பது பாயிண்ட். பத்து நின்றால் அறுபது.

அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்காட்சிக்கு முந்தின வாரம் எதிராளிக்குப் போன் போட்டு, நல்லா இருக்கீங்களா, முயல் நல்லா இருக்குதா, கட்டாயம் வந்துருங்க என்று தாங்குவார்கள். சம்பந்தி வீட்டை அழைப்பதுபோல் இருக்கும். எனக்குப் போன் போட்டவர் பழனிச்சாமி அண்ணன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அவர் முயல் ஒன்றுக்கும் இரண்டு சான்று இருந்தது. அவருக்கும் இது மூன்றாவது.

“அம்மணி, நீங்க வாரீங்கல்ல? நீங்க வராட்டி நாலாப் போயிருமுங்க. நான் ரெண்டு, சங்ககிரிக்காரர் ரெண்டு, நீங்க ஒண்ணு.”

“வாரேனுங்க. உங்களை ரெண்டாவதா நிறுத்த ஒரு ஆளு வேணுமில்லைங்களா?”

“அதை மேசை மேல பாத்துக்கலாமுங்க. விடியறதுக்குள்ள கெளம்பீருங்க. வெயிலு ஒரு மாதிரியா அடிக்குது.”

கிளம்பும் அன்று விடிந்தும் வேன் வரவில்லை. வேன் ஓட்டும் குமார் எங்கள் தெருவுக்குப் பின்தெரு. ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவன் ஏழரைக்கு வந்தான். முந்தின இரவு மேட்டூருக்குக் கல்யாண வீட்டு ஆட்களைக் கொண்டுபோய் விட்டதில் தூங்கிவிட்டானாம்.

“மாப்பிள்ளையே தூங்காம உக்காந்திருப்பான், நீ ஏண்டா தூங்குன?” என்றேன்.

“போயிடலாங்கா. எழுபது கிலோமீட்டர்தானுங்க. ஒம்பதுக்கு அங்க நிப்போம்.”

ஓமலூரில் ஏறி, சேலம் ஊருக்குள் போகாமல் பைபாஸில் சுற்றி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், நாமக்கல். நல்ல சாலை. வாடகை, காத்திருப்போடு இரண்டாயிரத்து எண்ணூறு. வேனில் ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்து ஓடினால் காற்று வரும் என்று நினைத்தேன். ஓடினால் வரும்தான்.

கலெக்டரை மூங்கில் கூடையில் வைத்து என் பக்கத்து இருக்கையில் வைத்தேன். முந்தின இரவே தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துண்டில் சுற்றிக் கூடைக்குள் வைத்திருந்தேன். முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மல்லூர் தாண்டும்போது கையை விட்டுப் பார்த்தேன். பாட்டில் வேர்த்து, துண்டு நனைந்து, கலெக்டரின் விலா ஓரத்து முடி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. வெள்ளை முயலுக்கு முடிதான் மார்க். நனைந்து காய்ந்தால் மஞ்சள் அடித்ததுபோல் காட்டும், நடுவர் விரலால் தள்ளிப் பார்த்தால் திரும்பிப் படியாது. இரண்டு வாரமாகச் சீவிச் சீவி வைத்த முடி. பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

முயல் வளர்க்காத யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வெயில் என்றால் வெயில்தான். எனக்குத்தான் வெயிலைவிட ஈரம் பெரிய எதிரியாகத் தெரிந்தது.

ஆண்டகளூர் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் நின்றிருந்தன. ஒரு பக்கம் சாலை வேலை. திறந்திருந்த இன்னொரு பக்கத்தில் போர்வெல் ரிக் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே படுத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் இரும்புக் கம்பி லாரி, பின்னால் கோழி லாரி, இடப்பக்கம் மண்மேடு. குமார் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“கிரேன் வரணுமாமுங்கா.”

“எங்கிருந்து?”

“அதை யாரும் சொல்லலீங்க.”

நின்ற வேன் இரும்புப்பெட்டி. சற்று நேரத்தில் கூரையைத் தொட முடியவில்லை. பின்னால் நின்ற கோழி லாரியில் கோழிகள் வாயைப் பிளந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. லாரியின் கிளீனர் குழாய் வைத்து அவற்றின்மேல் தண்ணீர் அடித்தான். அதைப் பார்த்துவிட்டுக் குமார் சொன்னான், “அக்கா, நம்ம கலெக்டருக்கும் ரெண்டு கை தெளிச்சு விடுங்க. பாட்டில்ல இருக்குதே.”

“வேணாண்டா, முடி போயிரும்.”

“உசிரு?”

நான் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டே இருந்தேன். விசிறி அடித்தது சுடுகாற்றைத்தான். கூடையைத் திறந்து பார்த்தபோது காது இரண்டும் உள்பக்கம் செக்கச்செவேலென்று இருந்தன. நரம்பு நரம்பாகப் புடைத்திருந்தது. விலா படபடவென்று அடித்தது. முயல் பயந்தாலும் விலா அடிக்கும், அதனால் பயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குப் பயம், எனக்கும் பயம், சேர்ந்து போவோம் என்று ஏதோ பேசினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கலெக்டர் பார்க்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

கிரேன் வந்து, வழி விட்டு, நாங்கள் நகர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாமக்கல்லுக்கு வெளியே அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது பத்தரை.

கண்காட்சி நடந்தது சாப்பாட்டுக் கூடத்தில். தகரக் கூரை. ஃபேன்கள் ஓடின, ஆனால் கூரை இறக்கிய சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி விட்டன. வாசலில் முயல்களைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் பத்து மணிக்கே கிளம்பிவிட்டாராம். ஸ்டெல்லா டீச்சர் என் பெயரைப் பார்த்துக் குறித்துவிட்டு, கலெக்டரின் இடது காதில் பச்சை குத்திய எண்ணைச் சரிபார்க்கக் கூடையைத் திறந்தார். காதைத் தொட்ட கையை உடனே எடுத்தார்.

“என்னங்க இப்படிக் கொதிக்குது?”

திறந்த கூடைக்குள் விழுந்த வெளிச்சத்தில் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயால் விடுகிறது என்றால் அதற்குமேல் அதனால் முடியவில்லை என்று அர்த்தம். தாடையெல்லாம் எச்சில். தலை பின்னால் சாய்ந்திருந்தது.

டீச்சர் மருத்துவருக்குப் போன் போட்டார். அவர் சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னார்: ஐஸ் வைக்காதீர்கள், தண்ணீரில் முக்காதீர்கள், சாதாரணத் தண்ணீரால் காதை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள், காற்று படட்டும், குளிர்ந்த அறை இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். மண்டபத்தில் ஏசி இருந்த ஒரே அறை மணமகள் அறை. காப்பாளர் சாவியைக் கொடுத்தார். கலெக்டரை அங்கே கொண்டுபோய்ப் பெரிய கண்ணாடிக்கு முன்னால், பெண்ணுக்குப் பூ வைக்கிற மேசைமேல் படுக்க வைத்தேன். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் காதில் தடவினேன். முடி நனைந்தது. நனையட்டும் என்று விட்டேன்.

கூடத்தில் ஆண் முயல் பிரிவு தொடங்கப்போகிறது, அது முடிந்ததும் நம்ம பிரிவு என்று சொல்லிக்கொண்டு சங்ககிரிக்காரர் வந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். பின்னாலேயே பழனிச்சாமி அண்ணன்.

“நான் எடுத்துக்கறேனுங்க,” என்றேன். “மேசைக்கு வெக்க மாட்டேன்.”

சங்ககிரிக்காரர் கலெக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏனுங்க, வெச்சு எடுத்தர்றது ரெண்டு நிமிசந்தானுங்களே? நடுவர் தொட்டாப் போதும். நீங்க எடுத்துட்டா நாலாப் போயிரும். ஆளும் மூணு பேர் இல்ல, ரெண்டு பேர்தான். அத்தனை பேரும் இந்த வெயில்ல வந்தது வீணுங்க.”

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய முயல்களும் அந்தத் தகரத்துக்கு அடியில்தான் இருந்தன. கணக்கு அப்படித்தான் பேசும்.

“அந்த ரெண்டு நிமிசத்துல போயிருச்சுன்னா?” என்றேன்.

நான் பழனிச்சாமி அண்ணனைப் பார்த்தேன். எனக்கு மூன்றாவது சான்று போகிறது என்றால் அவருக்கும்தான் போகிறது. அவருடைய முயலும் குட்டிக்கு விடாமல் வைத்திருந்ததுதான். அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கலெக்டரின் மற்றொரு காதைப் பிடித்துக்கொண்டார்.

“எடுத்துருங்க அம்மணி. நாலுன்னா நாலுங்க. சீவன் முக்கியமுங்க.”

“உங்களுக்கு மூணாவது போயிருமுங்களே.”

“போனாப் போகுது. எங்க ஊட்டுக்காரிகிட்ட நாலு திட்டு வாங்கிக்குவேன். உங்க வாயில வாங்கறதுக்கு அது தேவலை.”

டீச்சர் போய் நடுவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். நடுவர் ஊட்டிப் பக்கத்துக்காரர், வயதானவர், சட்டை முழுக்க வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து, ஏசிக் காற்று பட்டதும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு கலெக்டரைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“இந்த முயலை நான் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன்,” என்றார். டீச்சர் பக்கம் திரும்பினார். “டீச்சர், மேசை கூடத்தில்தான் போட வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் எங்கேயாவது இருக்கிறதா?”

டீச்சர் யோசித்தார். “மண்டபத்தோட பேருதான் இருக்குங்க ஐயா. உரிமையாளருங்க பார்க்கற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்.”

“இந்த அறையும் மண்டபம்தான். பிரிவுகளின் வரிசையை மாற்றுவது நடுவர் இஷ்டம். பெண் முயல் பிரிவை முதலில் எடுக்கிறேன். எல்லோரும் இங்கே கொண்டுவரட்டும்.”

அன்றைக்கு நாமக்கல்லில் ஐந்து மணப்பெண்கள் ஒரே கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஐவரும் வெள்ளை. சங்ககிரிக்காரர் ஏசிக்கு நேர் கீழே நின்று, நடுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கலெக்டரின் வாய் இன்னும் மூடவில்லை.

நடுவர் அவளைத்தான் முதலில் எடுத்தார். எடுத்தார் என்றால் தூக்கவில்லை. படுத்திருந்த இடத்திலேயே இரண்டு கைகளால் தோளிலிருந்து முதுகு, இடுப்பு, தொடை என்று தடவினார். பல், நகம், காது எண். முடியை விரலால் தள்ளிப் பார்த்தார். ஈரத்தில் அது படியவே இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடமும் நான் அவள் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றுவிடுமோ, நின்றுவிடுமோ என்று. மற்ற நான்கையும் பார்த்தபின் அவர் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“உடல் அமைப்பில் இந்த ஐந்தில் இவள்தான் மேல். ஆனால் இன்றைய உடல்நிலைக்கும் முடிக்கும் என்னால் மார்க் போட முடியாது. ஐந்தாவது இடம்.”

முதலிடம் பழனிச்சாமி அண்ணனின் முயல். ஐந்து முயல், மூன்று பேர், புது நடுவர். அவருக்கு மூன்றாவது சான்று வந்துவிட்டது, அவர் முயல் சாம்பியன். அவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டார்.

“சாம்பியன் ஊட்டு ஆளுங்கள்லாம் இப்படி வேலை செய்யலாங்களா?” என்றேன்.

“செய்யறதுதானுங்க. உங்களை அஞ்சாவதா நிறுத்த ஒரு ஆளு வேணுமில்லைங்களா?” என்றார் அவர்.

மதியத்துக்குமேல் வாய் மூடியது. காதில் சூடு குறைந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பிடித்த முருங்கைக்கீரையை மூக்குக்கு நேரே வைத்தாலும் திரும்பவில்லை. முயல் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், முயல் தின்னாமல் இருந்தால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால் மறுநாளுக்குள் போய்விடும். வாய் மூடியதில் பாதிப் பயம் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

பொழுது இறங்கும்வரை கிளம்ப மாட்டேன் என்று குமாரிடம் சொல்லிவிட்டேன். அவன் எங்கேயோ போய், சொந்தக் காசில் இரண்டு சாக்கு வாங்கி நனைத்து வேன் கூரையில் போட்டு வைத்திருந்தான். திரும்பும்போது புதுச்சத்திரத்தில் நிறுத்தச் சொன்னேன், ஆண்டகளூர் கேட்டில் நிறுத்தச் சொன்னேன், மல்லூரில் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் கூடைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். குமார் ஒவ்வொரு தடவையும் என்ஜினை அணைத்துவிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“இருக்குதாங்கா?”

“இருக்குது. போ.”

வீட்டில் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவைத்து நின்றிருந்தார். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் கூடையைக் கேட்டு வாங்கினார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை. கலெக்டரைச் சமையலறைத் தரையில், சிமெண்ட் குளிர்ச்சியில் விட்டோம். கீரையை, கேரட்டை, தண்ணீரைச் சுற்றி வைத்தோம். அவள் எதையும் தொடவில்லை.

விடிந்து சமையலறைக் கதவை நான்தான் திறக்க வேண்டும். திறக்கப் பயமாக இருந்தது. அவரைத் திறக்கச் சொன்னேன். அவருக்கும் பயம். இருவரும் சேர்ந்து தள்ளினோம். கலெக்டர் அடுப்புக்குக் கீழே உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். மனு எங்கே என்ற அந்தப் பார்வை இல்லை, ஆனால் பார்த்தாள். கீரை இருந்த இடத்தில் காம்பு மட்டும் கிடந்தது. கேரட்டுக்குப் பக்கத்தில், தரையில், கருப்பாக ஒரு கைப்பிடிப் புழுக்கை. என் வீட்டுக்காரர் அதைக் கையில் அள்ளி என்னிடம் காட்டினார். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தவன்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டான். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு.

கண்காட்சி அறிவிப்பு வந்தவுடன் இரண்டு அனுமதி எண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சங்கத்தினுடையது ஒன்று, உங்கள் இனக் கிளப்பினுடையது ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் செயலாளரிடம் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். நடுவர் யார் என்றும் கேளுங்கள். உங்கள் முந்தின சான்றுகளைக் கொடுத்தவரே என்றால் நீங்கள் போவது அவருக்கு வணக்கம் சொல்லத்தான். உங்கள் பிரிவில் எத்தனை முயல், எத்தனை பேர் என்று முந்தின நாள் போன் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். சரியாக ஐந்துதான் என்றால், அந்த ஐந்தில் ஒன்றுக்கு எதுவும் ஆகலாம் என்றும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் சமவெளியில் பங்குனி, சித்திரை, வைகாசியில் கண்காட்சி வைத்தால் போகாதீர்கள். வைக்கச் சொல்லி நீங்களே கேட்காதீர்கள். எப்படியும் போகத்தான் வேண்டும் என்றால் ஏசி வண்டி, விடியும் முன் புறப்பாடு. வண்டிக்காரர் முந்தின இரவு கல்யாணச் சவாரி போனாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உறைந்த பாட்டிலைக் கூடைக்குள்ளேயே வையுங்கள். முடி நனைந்தால் நனையட்டும், அது மறுபடியும் காயும். வாயால் மூச்சு விட்டால், எச்சில் வடிந்தால், அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி நிழலில் இறக்கிக் காதை நனையுங்கள். மண்டபத்தில் குளிர்ந்த அறை எது என்று நுழைந்தவுடன் கேட்டு வையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து எனக்குக் கிடைத்தது ஐந்து முயலுக்கு ஐந்தாவது இடம், ஆக ஐந்து பாயிண்ட். இனக் கிளப்பின் வருடப் பட்டியலில் என் பெயருக்கு நேராக அது இருக்கிறது. கலெக்டர் இனி மேசைக்கு வர மாட்டாள். வெயில் தணிந்தபின் குட்டிக்கு விட்டோம், ஆறு போட்டாள், ஆறும் இருக்கின்றன. அவள் மறுபடியும் என் வீட்டுக்காரரை மனு கேட்கிறாள்.

ஆனால் பின்தெருவில் குமார் வேனைக் கிளப்புகிற சத்தம் கேட்டால் மட்டும் கலெக்டர் கூண்டின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்கிறாள். நான் செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் காதைத் தொட்டுப் பார்க்கிறேன்.